நெட் வருகிறது, வைஃபை வரவில்லை: வீட்டு இணையம் எங்கே தேய்கிறது?

மாதம் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறோம். கீழே ஹாலில் படம் தடையில்லாமல் ஓடுகிறது. மாடியில் பின்பக்க அறைக்குப் போனால் ஆன்லைன் வகுப்பில் ஆசிரியரின் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது. வேகத்தைச் சோதித்தால் 5, 6 என்று காட்டுகிறது. புகார் கொடுத்ததும் டெக்னீஷியன் வருகிறார். ரவுட்டருக்குக் கீழேயே நின்று தன் போனில் சோதிக்கிறார், 96 வருகிறது. "லைன் ஓகே சார், உங்க போன்லதான் ஏதோ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார்.

அவர் காட்டிய 96-ம் உண்மை, மாடியில் வரும் 6-ம் உண்மை. இரண்டும் வேறுவேறு பாதைகளை அளந்த எண்கள். எந்தப் பாதையில் கோளாறு என்று பிரித்துப் பார்க்காமல் திட்டத்தை 200-க்கு உயர்த்துவதும், கடைக்குப் போய், வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் வாங்கி வருவதும்தான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. காசு போகும், மாடி அறை அப்படியேதான் இருக்கும்.

இரண்டு பாதைகள்

எல்லாவற்றுக்கும் சேர்த்து "நெட்" என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் போனுக்கு வந்து சேரும் தரவு கடக்கும் பாதை இரண்டு.

1. வெளிப் பாதை: இணைய நிறுவனத்தின் நிலையத்திலிருந்து தெரு மின்கம்பம் வழியாக உங்கள் சுவர் வரை வரும் ஃபைபர் கேபிள். இதில் தரவு ஒளியாக வருகிறது. அந்த ஒளியை வாங்கி மின் சமிக்ஞையாக மாற்றும் கருவிக்கு ஓஎன்டி என்று பெயர்.

2. உள் பாதை: அந்தப் பெட்டியிலிருந்து உங்கள் கையில் இருக்கும் போன் வரை. இங்கே கேபிள் கிடையாது, ரேடியோ அலைதான். இதைத்தான் வைஃபை என்கிறோம்.

முன்பு மோடம் ஒன்று, வைஃபை ரவுட்டர் ஒன்று என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. இப்போது ஃபைபர் இணைப்போடு கொடுக்கும் பெட்டியில் இரண்டும் ஒன்றாக அடங்கிவிட்டதால், எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறுவனம் உங்களுக்கு விற்கும் 100 எம்பிபிஎஸ் அந்தப் பெட்டியின் வாசல் வரைக்கும்தான். அதற்கப்பால் எத்தனை சுவர், எத்தனை பீரோ என்பது அவர்கள் கணக்கில் இல்லை. டெக்னீஷியன் பெட்டிக்குக் கீழே நின்று சோதிப்பதற்குக் காரணமும் அதுதான்.

வேகத்தின் அலகிலும் ஒரு குழப்பம் உண்டு. எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட். கோப்புகளின் அளவை நாம் மெகாபைட்டில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு கோப்பு நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. டவுன்லோட் திரையில் 11, 12 என்று ஓடினால் உங்கள் இணைப்பு முழு வேகத்தில் இருக்கிறது என்று பொருள். ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

சுவர் என்ன செய்கிறது?

வீட்டு வைஃபை முக்கியமாக இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் இயங்குகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது தூரம் போகும், சுவரை ஓரளவு துளைக்கும். ஆனால் இடம் குறுகியது, நெரிசல் அதிகம். இரண்டாவது அகலமானது, வேகமானது. சுவரைக் கண்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் இடம் 2018 அக்டோபரில் உரிமம் தேவையில்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது.

சமிக்ஞையின் வலுவை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். போனுக்கு வரும் சமிக்ஞை எப்போதும் மைனஸ் எண்ணாகத்தான் இருக்கும்; பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு வலு. மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு நிம்மதியாகப் போகும். மைனஸ் 75-ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும். மைனஸ் 80-க்கு அப்பால் இணைப்பு இருப்பதாகப் போன் காட்டும், வேலை நடக்காது. கவனிக்க வேண்டியது, இது கூட்டல் கழித்தல் கணக்கு போலத் தோன்றினாலும் உண்மையில் பெருக்கல். 3 டெசிபெல், அதாவது டிபிஎம் எண்ணில் 3, குறைந்தால் ஆற்றல் பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு.

நம் ஊர் மாடி வீடு ஒன்றை வைத்தே கணக்குப் போடலாம். ரவுட்டர் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம் ஆற்றலில் ஒலிபரப்புகிறது. 10 மீட்டர் தள்ளி, மாடியில், பின்பக்க அறை. நடுவில் ஒரு 9 அங்குலச் செங்கல் சுவர், ஒரு கான்கிரீட் தளம்.

1. தடையே இல்லாத வெட்டவெளியில் 10 மீட்டர் கடந்தால்: 2.4 பட்டையில் மைனஸ் 40, 5 பட்டையில் சுமார் மைனஸ் 47.

2. செங்கல் சுவருக்கு முறையே 6, 10 டெசிபெல் இழப்பு என்று வைத்துக்கொள்வோம்: மைனஸ் 46, மைனஸ் 57.

3. கம்பி கட்டிய கான்கிரீட் தளத்துக்கு 15, 22 என்று வைத்துக்கொள்வோம்: மைனஸ் 61, மைனஸ் 79.

சுவருக்கும் தளத்துக்கும் போட்ட எண்கள் தோராயமானவை. கட்டுமானத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். ஆனால் விளைவு பல வீடுகளில் காண்பதுதான்: அதே அறையில் 2.4 தாக்குப்பிடிக்கிறது, 5 கிட்டத்தட்ட செத்துவிடுகிறது. கீழே 5 பட்டையில் பிடித்த போன், மாடிப்படி ஏறிய பிறகும் அதை விட மனமில்லாமல் தொற்றிக்கொண்டிருக்கும். அப்போதுதான் அந்த உறைந்த முகம்.

தளத்தைச் சாய்வாகக் கடப்பது இன்னும் மோசம். 5 அங்குலத் தளத்தை நேர் செங்குத்தாகக் கடந்தால் 5 அங்குலக் கான்கிரீட்தான். செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்து கடந்தால் 10 அங்குலம். வீட்டின் முன்மூலையில் ரவுட்டரும் பின்மூலையில் மாடி அறையும் இருக்கும்போது அலை இப்படித்தான் சாய்ந்து போகிறது.

உலோகமும் தண்ணீரும் தனிக் கதை. ஸ்டீல் பீரோ, ஃப்ரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி ஆகியவை அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடியின் பின்னால் பூசிய உலோகப் படலமே அதற்குப் போதும். மீன் தொட்டியில் இருக்கும் தண்ணீர் அலையை உறிஞ்சிவிடும். பலகைக் கதவும் சாதாரண ஜன்னல் கண்ணாடியும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

முழுக் கோடு இருந்தும் இழுப்பது ஏன்?

போனின் மூலையில் வைஃபை கோடு முழுதாக இருக்கும், பக்கம் திறக்காது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அந்தக் கோடு ஒருவழிச் செய்தி. ரவுட்டர் பேசுவது போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்று காட்டாது. ஆடி மாதம் கோயில் ஒலிபெருக்கிப் பாட்டு நம் வீட்டுக்குள் கணீரென்று கேட்கும். நாம் இங்கிருந்து கத்தினால் கோயிலில் யாருக்கும் கேட்காது. போனின் ஒலிபரப்பு ஆற்றல் பெரும்பாலும் ரவுட்டரைவிடக் குறைவு, ஆன்டெனாவும் சிறியது. வைஃபையிலோ தரவு சிறு சிறு துண்டுகளாக, பொட்டலங்களாகப் போகிறது; அனுப்பிய ஒவ்வொரு பொட்டலத்துக்கும் "கிடைத்தது" என்று பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் ரவுட்டர் மறுபடி அனுப்பும், மறுபடி அனுப்பும். "நான்கு ஆன்டெனா, பவர்ஃபுல்" என்று கடையில் விற்கும் ரவுட்டரை மாட்டியும் மாடி அறை தேறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, காற்று பொதுச் சொத்து. ஒவ்வொரு பட்டையும் சேனல் என்ற சிறு கூறுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் ஓயும்வரை காத்திருந்து பேச வேண்டும். உங்கள் வீட்டுக் கருவிகள் மட்டுமல்ல, அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டு ரவுட்டரும் இந்த வரிசையில் உண்டு. 2.4 பட்டையில் இந்தியாவில் 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றுதான். 20 வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடியில் 20 ரவுட்டர்களும் இந்த மூன்றில்தான் நெருக்கியடித்தாக வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு வேறு 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. அது ஓடும் அந்தச் சில நிமிடங்களுக்கு அருகில் இருக்கும் 2.4 வைஃபை தடுமாறலாம். ப்ளூடூத்தும் இதே பட்டைதான். ரவுட்டரின் யுஎஸ்பி 3.0 துளையில் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதன் கேபிளிலிருந்து கசியும் இரைச்சலும் 2.4 பட்டையைக் கெடுக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் மாதக்கணக்கில் திண்டாடுபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, ஒரு மெதுவான கருவி எல்லோரையும் மெதுவாக்கும். தொலைவில், பலவீனமான சமிக்ஞையில் இருக்கும் சிசிடிவி கேமரா ஒரு பொட்டலத்தை அனுப்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தில், பக்கத்தில் இருக்கும் போன் பத்துப் பன்னிரண்டு பொட்டலங்களை அனுப்பிவிடும். கேமரா பேசி முடிக்கும்வரை போன் காத்திருந்தே ஆக வேண்டும். வாசல் கேட்டில் மாட்டிய வைஃபை கேமரா இரவும் பகலும் காட்சியை இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் வீடுகளில் இதை முதலில் சந்தேகிக்கலாம்.

போனின் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். 2.4 பட்டை மட்டுமே உள்ள, ஒற்றை ஆன்டெனா போன், 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அதிகபட்சம் 72 எம்பிபிஎஸ் இணைப்பு வேகம்தான் பெறும். நடைமுறையில் அதில் பாதிக்குச் சற்று மேலே கிடைத்தால் பெரிது. அந்தப் போனில் 100-ஐ எதிர்பார்த்துப் பயனில்லை. ரவுட்டர் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் "300 எம்பிபிஎஸ்" கூட இரண்டு ஆன்டெனா, 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்ற, அடுக்குமாடியில் கிட்டாத நிலைமைக்கான எண்.

கோளாறு எந்தப் பாதையில்? சோதிக்கும் வரிசை

இந்த வரிசை முக்கியம். ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குத் தாவினால் மறுபடியும் குழப்பம்தான்.

1. லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாகப் பெட்டியில் செருகுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தைச் சோதியுங்கள். காலையில் ஒருமுறை, இரவு 9 மணி வாக்கில் ஒருமுறை. கேபிளிலேயே வேகம் குறைவு என்றால் வைஃபையைக் குறை சொல்ல வேண்டாம். கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். ஒரு எச்சரிக்கை: திட்டம் 100-க்கு மேல் இருந்தும் கேபிளில் 94, 95 தாண்டவில்லை என்றால், பெட்டியின் துளையோ கேபிளோ 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கலாம். கேபிளுக்குள் 8 கம்பிகளும் சரியாக இணைந்தால்தான் கிகாபிட் வேகம் வரும். 4 கம்பி மட்டும் இணைத்த கேபிள் 100-லேயே நின்றுவிடும்.

2. கேபிளில் வேகம் சரியாக இருந்தால், போனை எடுத்துக்கொண்டு ரவுட்டரிலிருந்து 2 மீட்டரில் நில்லுங்கள். 5 பட்டையில் இணைந்து சோதியுங்கள். இங்கேயே குறைந்தால் நெரிசல், தவறான அமைப்பு, பழைய போன், சூடேறிய ரவுட்டர் இவற்றில் ஒன்று.

3. 2 மீட்டரில் நன்றாக இருந்தால், ஒவ்வொரு அறையாக நடந்து டிபிஎம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் இதற்கு வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இலவசமாகவே இருக்கின்றன. ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுட்டிலிட்டி செயலியில் உள்ள ஸ்கேனர் வசதி உதவும். எந்தச் சுவரைத் தாண்டியதும் எண் சட்டென்று 15, 20 விழுகிறதோ அந்தச் சுவரில்தான் விஷயம் இருக்கிறது. பல வீடுகளில் அது சுவர்கூட இல்லை, சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோ.

4. வேகம் இருந்தும் அழைப்பு மட்டும் வெட்டி வெட்டிக் கேட்கிறது என்றால் வேகச் சோதனை போதாது. வைஃபையில் இணைந்த கணினியில், பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் பிங் கட்டளையை ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பதில் 10 மில்லிநொடிக்குள் சீராக வந்தால் வீட்டுக்குள் பிரச்சினை இல்லை. திடீர் திடீரென்று 300, 500 என்று எகிறினாலோ பதில் வராமல் போனாலோ உள் பாதைதான் நோயாளி. பிறகு அதையே 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு ஓட்டுங்கள். உள்ளே சீராக இருந்து இங்கு மட்டும் எகிறினால் வெளிப் பாதை. அல்லது வீட்டில் யாரோ ஒருவரின் போன் ஆயிரம் கல்யாணப் புகைப்படங்களை மேகக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. ஏற்றும் வழி நிறைந்தால் இறக்கும் வழியும் திணறும்; அந்த நேரத்தில் வேகம் போதாது என்று திட்டத்தை உயர்த்துவது அவசரப்படுவது.

பெட்டி தொங்கும் இடம்

இதுவரை சொன்ன கோளாறுகளில் பாதிக்கும் மேல் ஒரு பத்து நிமிட வேலையில் விதைக்கப்பட்டவை என்பது இந்தக் கட்டுரையின் துணிபு. இணைப்புக் கொடுக்க வந்தவர் மின்கம்பத்திலிருந்து கருப்பு வயரை இழுக்கிறார். தெருவைப் பார்த்த ஹால் ஜன்னல்தான் கிட்டத்தில் இருக்கிறது. ஜன்னல் சட்டத்தின் மூலையில் ஓட்டை போட்டு உள்ளே விட்டு, மிச்சமிருக்கும் வயர் எட்டுகிற தூரத்தில், பிளக் பாயின்ட் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிடுகிறார். அது பெரும்பாலும் டிவிக்குப் பின்னால். டிவியின் முதுகில் இருக்கும் உலோகத் தகடு ஒரு பக்கம் மறைக்கிறது. சமிக்ஞையில் ஒரு பங்கு ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விடுகிறது. எதிர்வீட்டு மாடியில் உங்கள் வைஃபை பெயர் நன்றாகத் தெரியும், உங்கள் மாடியில் தெரியாது.

எங்கே வைப்பது?

மாடி வீடாக இருந்தால் முதல் தேர்வு மாடிப்படி. கான்கிரீட் தளத்தில் இயல்பாகவே ஒரு பெரிய திறப்பு இருக்கும் இடம் அது ஒன்றுதான். படிக்கட்டுத் திருப்பத்தில், ஆளுயரத்துக்கு மேல் பெட்டியை மாட்டினால் கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் அலை தளத்தைத் துளைக்காமலே போய்ச் சேர வழி கிடைக்கிறது. ஒரே தள வீடாக இருந்தால், எல்லா அறை வாசல்களும் திறக்கும் நடுக்கூடம். தரையில், லாஃப்டில் பாத்திரங்களுக்கு நடுவில், பீரோ தலையில், மூடிய அலமாரிக்குள் வைப்பதெல்லாம் வேண்டாம்.

அலமாரிக்குள் வைக்காததற்கு இன்னொரு காரணம் சூடு. பல வீட்டு ரவுட்டர்களின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி என்றுதான் போட்டிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரிலும் திருச்சியிலும் வெளியிலேயே 40 தாண்டிவிடுகிறது. மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையின் அடைத்த அலமாரிக்குள் கேட்கவே வேண்டாம். மதியம் மட்டும் தானாக நின்று நின்று வரும் ரவுட்டருக்கு இது பொதுவான காரணம். கூடவே அடாப்டரையும் பாருங்கள். பழைய அடாப்டர் எழுதியிருக்கும் 12 வோல்ட்டைத் தராமல் சோர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும்.

வெளியே தெரியும் குச்சி ஆன்டெனா செங்குத்தாக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும். அதன் நேர் மேலேயும் நேர் கீழேயும் பலவீனம். இரண்டு குச்சிகள் இருந்தால் ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கவைத்தும் பார்க்கலாம். மாடிக்கு இது சில டெசிபெல் கூட்டித் தரும், அவ்வளவுதான், அதிசயம் நடக்காது.

பெட்டியை இடம் மாற்ற ஃபைபர் வயர் நீளம் வேண்டும். புது இணைப்பு வாங்கும்போதே, பெட்டி எங்கே வேண்டும் என்று காட்டி, அதுவரை வயரை இழுக்கச் சொல்லிவிடுவது நல்லது. கூடுதல் வயருக்குச் சிறு தொகை கேட்டாலும் கொடுக்கலாம். மாட்டிய பிறகு நீங்களாக வயரைப் பிடித்து இழுக்கவோ, மடித்துக் கட்டவோ கூடாது. உள்ளே கண்ணாடி இழை. கூர்மையாக மடிந்தால் ஒளி கசிந்துவிடும்.

காசு செலவில்லாமல் மாற்றக்கூடிய அமைப்புகள்

ரவுட்டர் பக்கத்துக்குள் போக வேண்டிய முகவரியும் கடவுச்சொல்லும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்.

1. இரண்டு பட்டைகளுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். ஒரே பெயர் இருந்தால் எதில் இணைவது என்று கருவியே முடிவுசெய்யும், அந்த முடிவு பல நேரம் தவறாக இருக்கும். டிவி, லேப்டாப் 5-க்கு. கேமரா, ஸ்மார்ட் பல்பு, தூரத்து அறைப் போன் 2.4-க்கு.

2. 2.4 பட்டையில் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சேனல் 1, 6, 11-இல் எதில் கூட்டம் குறைவோ அது. அனலைசர் செயலி காட்டிவிடும். நடுவில் 3, 9 என்று வைப்பது புத்திசாலித்தனம் போலத் தெரியும். உண்மையில் இரண்டு பக்க நெரிசலையும் சேர்த்து வாங்குவீர்கள்.

3. 5 பட்டையில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் நல்ல வேகம் தரும். தூரத்து அறையில் தடுமாறினால் 40-க்கு இறக்கிப் பாருங்கள். 52 முதல் 144 வரையான சேனல்கள் ரேடார்களோடு பகிரப்படுபவை. அவற்றில் ரேடார் அறிகுறி தெரிந்தால் ரவுட்டர் உடனே வேறு சேனலுக்கு ஓட வேண்டும் என்பது விதி. விமான நிலையப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இணைப்பு அவ்வப்போது அறுந்தால் 36 முதல் 48 வரைக்குள் நிலையாக வைத்துவிடுங்கள்.

4. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3. பழைய டபிள்யூஇபி, டிகேஐபி முறைகள் பூட்டாகவும் உதவாது. அவற்றில் இணைந்தால் வைஃபை 4 தலைமுறையிலிருந்து வந்த வேகங்கள் கிடைக்காமல் 54 எம்பிபிஎஸ் இணைப்போடு நின்றுவிடும்.

5. கடவுச்சொல்லை மாற்றுங்கள். எத்தனை விருந்தாளிகளுக்கு, எத்தனை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம் என்று நமக்கே நினைவிருக்காது.

செலவு செய்வதென்றால் எதற்கு?

இடம் மாற்றியும் அமைப்புகளைத் திருத்தியும் மாடி அறை மைனஸ் 75-க்கு மேலே வரவில்லை என்றால்தான் கருவி வாங்கும் யோசனை.

மலிவானது ரிப்பீட்டர். ரவுட்டரின் பேச்சைக் கேட்டு மறுபடி உரக்கச் சொல்வது அதன் வேலை. ஒரே பட்டையில் கேட்டு அதே பட்டையில் சொல்லும் ரிப்பீட்டர் என்றால் ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை போகிறது, வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைவிடப் பெரிய தவறு அதை மாட்டும் இடத்தில் நடக்கிறது. சமிக்ஞையே வராத மாடி அறைக்குள் மாட்டுகிறார்கள். ரிப்பீட்டருக்கே சரியாகக் கேட்காத இடத்தில் அது எதைத் திருப்பிச் சொல்லும்? போனில் கோடு முழுதாகத் தெரியும், வேகம் 6-லேயே நிற்கும். பாதி வழியில், மைனஸ் 60 சுற்றிக் கிடைக்கும் இடத்தில் மாட்ட வேண்டும்.

மெஷ் என்று விற்கப்படுவது இதன் மேம்பட்ட வடிவம். இரண்டு மூன்று பெட்டிகள் ஒரே பெயரில் சேர்ந்து இயங்கும், நடக்க நடக்கப் போனை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிட முயலும். பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனிப் பட்டை உள்ள மூன்று பட்டை மெஷ் நன்றாக வேலை செய்யும். விலையும் அதற்கேற்ப இருக்கும். இரண்டு பட்டை மெஷ் பெட்டிகளுக்கு நடுவில் கான்கிரீட் தளம் இருந்தால் ரிப்பீட்டருக்கு வரும் அதே கதிதான்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியானது, யாருக்கும் பிடிக்காதது: லேன் கேபிள். கீழே இருக்கும் பெட்டியிலிருந்து கேட் 6 கேபிள் ஒன்றை மாடிக்கு இழுத்து, அங்கே சாதாரண விலை ரவுட்டர் ஒன்றை, கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் அக்சஸ் பாயின்ட் நிலையில் வைத்துவிட்டால் முடிந்தது. 100 மீட்டர் வரை கேபிளில் வேகம் குறைவதில்லை. கான்கிரீட்டும் பீரோவும் அதை ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் பழைய ரவுட்டர் சும்மா கிடந்தால் அதையே இப்படிப் பயன்படுத்தலாம். மின்சார வயர் போகும் பைப்புக்குள்ளேயே இதையும் திணிக்கச் சொல்லாதீர்கள். மின் கசிவு அபாயமும் உண்டு, இரைச்சலும் ஏறும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஹாலிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வெற்று பைப்பைச் சுவரில் பதித்துவிட்டால் போதும்.

கோளாறு வெளியே என்றால்

கேபிளில் சோதித்தே வேகம் வரவில்லை என்றால், பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை: வயர் அறுந்திருக்கிறது, அல்லது இணைப்பு முனை கழன்றிருக்கிறது. தெருவில் பள்ளம் தோண்டினாலோ, மரக்கிளை விழுந்தாலோ, உயரமான லாரி போனாலோ இது நடக்கும். ரவுட்டரை நூறு முறை அணைத்துப் போட்டாலும் சரியாகாது. உடனே புகார் கொடுக்க வேண்டியதுதான்.

விளக்கு பச்சையாக இருந்தும் வேகம் இழுத்தால் ஒளியின் வலுவைப் பார்க்க வேண்டும். பல பெட்டிகளின் அமைப்புப் பக்கத்திலேயே பெறும் ஒளி ஆற்றல் என்று ஒரு எண் இருக்கும். பரவலாகப் பயன்படும் ஜிபான் வகை ஃபைபர் இணைப்பில் அது, டிபிஎம் அலகிலேயே, மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 27-ஐ நெருங்கினால் எங்கோ மடிப்பு, அல்லது அழுக்கான முனை. டெக்னீஷியனிடம் "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொல்வதைவிட "பவர் மைனஸ் 28 காட்டுது, மீட்டர் வச்சுப் பாருங்க" என்று சொன்னால் வேலை வேகமாக நடக்கும்.

ஒளி நன்றாக இருந்து, காலையில் 95-ம் இரவு 9 மணிக்கு 20-ம் வந்தால் அது நெரிசல். ஜிபானில் நொடிக்கு சுமார் 2.5 கிகாபிட் இறங்கும் ஒரு ஃபைபரை 32 அல்லது 64 வீடுகள்கூடப் பகிர்ந்துகொள்ளும். அதற்கும் மேலே உள்ள இணைப்பையும் நிறுவனம் பகிர்ந்துதான் கொடுக்கிறது. வீட்டுக்குள் நீங்கள் எதை மாற்றியும் இது தீராது. விளம்பரத்தில் "100 எம்பிபிஎஸ் வரை" என்ற அந்த "வரை"யைப் பிடித்துக்கொண்டு நிறுவனம் தப்பிக்கப் பார்க்கும். சட்டப்படி பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 2023 முதல் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும் என்பது வேறு அவர்களுக்கு வசதி.

ஆகவே புகாரைக் கையில் ஆதாரத்தோடு கொடுங்கள். கேபிளில் எடுத்த வேகச் சோதனை, தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுகளாக, நான்கைந்து இரவுகளுக்கு. வைஃபையில் எடுத்ததை ஆதாரமாகக் காட்டினால் முதல் கேள்வியிலேயே தள்ளிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் லைன்மேனிடம் சொல்வது புகார் ஆகாது. நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவுசெய்து, டாக்கெட் எண் எனப்படும் புகார் எண்ணை வாங்க வேண்டும். குறித்த காலத்தில் தீரவில்லை, அல்லது தீர்ந்ததாகச் சொல்லி மூடிவிட்டார்கள் என்றால் அந்த எண்ணை வைத்து அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி இந்த இரண்டாம் படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருந்தாக வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும்.